பரிபூரணத்தின் அரபிப் புத்தகம்

பியூலா அம்மாவின் வலது கைக் கட்டைவிரலை நிமிர்த்தப் பார்த்தாள். விரல் அசையவில்லை. மார்பின் மேல் நிறுத்தி வைத்திருந்த கறுப்பு அட்டைப் புத்தகத்தை இரண்டு கைகளும் இரண்டு பக்கமும் பிடித்திருந்தன. மேல்விளிம்பைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும் போலத்தான் இருந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறவள் மாதிரிக் குனிந்துகொண்டு மெதுவாக இழுத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

வேலுத்தாய் அத்தையின் குரல். அப்பாவின் தங்கை. காலையிலிருந்து தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசிறியால் ஈ விரட்டிக்கொண்டிருக்கிறாள்.

"கோணலா இருக்கு அத்த. நேரா வைக்கேன்."

"நேராத்தான் இருக்கு. கைய எடு. உடம்பு விறைக்கதுக்கு முன்ன வைக்கணும்னு உன் தம்பி எம்புட்டுப் பாடுபட்டான். நீ வந்து கலைச்சு விட்றாத."

பியூலா கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே செய்ய ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் பெரிய பாத்திரத்தில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் முன்னறைக்கு வந்தாள். மூன்று மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். பிறகு கோயிலில் ஆராதனை, பிறகு கல்லறைத் தோட்டம். பெட்டி மூடினால் மூடியதுதான்.

விடியக்காலையில் அம்மாவுக்கு மூச்சு நின்றது. பெட்டி செய்கிறவரின் பட்டறை ராஜபாளையத்தில் இருந்தது. பியூலாவும் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள், அவரைப் பழக்கம் உண்டு. அதனால் அவளே கிளம்பிப் போனாள். மரத்தையும் அளவையும் சொல்லி, கூடவே இருந்து வாங்கி, குட்டி யானை வண்டியில் பெட்டியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்வதற்குள் ஜோயல் அலமாரியின் மேல்தட்டிலிருந்து புத்தகத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்துவிட்டிருந்தான்.

இருந்திருந்தால் தடுத்திருக்கலாம். ஆனால் என்ன சொல்லித் தடுப்பது?

தெருமுனையில் கட்டியிருந்த பிளெக்ஸில் அம்மா இதே புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ‘புண்ணிய பூமியிலிருந்து அரபி வேதத்தைக் கொண்டு வந்த எங்கள் அன்னை’ என்று கீழே எழுதியிருந்தது. வாசகம் ஜோயல் எழுதியது.

அது வேதம் இல்லை, பைபிளே இல்லை என்பது அந்த வீட்டில் பியூலாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா பரிபூரணம் கிளை நூலகத்தில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்து, அதே வேலையில் ஓய்வு பெற்றவள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் புத்தகங்களோடு அவளுக்கு இருந்த உறவு வாசிக்கிறவர்களுக்கு இருப்பதைவிட நெருக்கமானது. அவளுடைய ஜென்ம விரோதி கரையான். மழை பெய்த மறுநாள் விடிந்ததும் நூலகத்துக்கு ஓடிப்போய் அலமாரிகளின் பின்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள். "கரையான் அட்டையத் திங்காது ஏட்டி. உள்ளுக்குள்ள நொழஞ்சு நடுவத் திங்கும். பாக்கதுக்குப் புஸ்தகம் மாதிரியே நிக்கும். தூக்கிப் பாத்தாத்தான் கனம் இருக்காது" என்பாள். அதனால் எந்தப் புத்தகத்தையும் முதலில் தூக்கிப் பார்ப்பதுதான் அவள் வழக்கம்.

மூன்று தடவை வெளிநாடு போனாள். கொழும்பில் இருந்த அண்ணன் மகன் கல்யாணத்துக்கு ஒரு தடவை. ஜோயல் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஒரு தடவை. மூன்றாவதாகச் சபையாரோடு எகிப்து, இஸ்ரவேல், ஜோர்டான் என்று புனிதப் பயணம். ஒவ்வொரு தடவையும் ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். எல்லாம் அந்தந்த ஊர்ப் பாஷையில்.

"சிங்கப்பூர் போயி சீனத்துப் புஸ்தகமா? ஒரு தைலம் கெடைக்கலையா மதினி?" என்று வேலுத்தாய் கேட்டபோது, "படிக்கத் தெரிஞ்சதத்தான் வாங்கணும்னா நான் கடைக்கே போக முடியாதே" என்றாள்.

வாங்குகிற விதத்தையும் பியூலாவிடம் விளக்கியிருக்கிறாள். முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும். பிறகு நடுவில் திறந்து மோந்து பார்க்க வேண்டும். காகிதத்தைக் கட்டைவிரலால் தடவ வேண்டும். கடைசியில் முதுகை வளைத்து உள்ளே தையல் போட்டிருக்கிறதா, பசை வைத்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் வேண்டாம்.

ஜோர்டானில் நடந்தது இதுதான். ஒரு மலையடிவாரத்தில் கைகால் கழுவ பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். எதிர்ச்சாரிப் பிளாட்பாரத்தில் ஒருவர் பழைய புத்தகம் பரப்பியிருந்தாராம். பரிபூரணம் ரோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டாள். கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கி, மோந்து, வளைத்துப் பார்த்து முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் பதறி, தேடி, கடைசியில் அவள் கறுப்பு அட்டையும் தங்க எழுத்துமாக ஒரு தடிமனான புத்தகத்தோடு வந்து ஏறியபோது, கூட்டிப் போயிருந்த பெரிய பாஸ்டர் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

"என்னம்மா அது? இதுக்கா இம்புட்டு நேரம்?"

"வேதப் புத்தகம் ஐயா. அரபியில" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பஸ்ஸிலேயே ஸ்தோத்திர ஜெபம் நடந்தது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

ஊர் வந்து இரண்டாம் நாள் பரிபூரணம் ராஜபாளையத்தில் பியூலாவின் வீட்டுக்கு வந்து, "கதவச் சாத்து ஏட்டி" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். நடுவில் கெட்டித் தாளில் படங்கள். ஒட்டகம். ஒட்டகத்தின் வாயைப் பிளந்து பல் தெரிய ஒன்று, குளம்பு ஒன்று, கண்ணிமையைத் தூக்கிப் பிடித்து ஒன்று.

"ஒட்டக வைத்தியமாம்மா?"

"அப்படித்தான் போலருக்கு. தையலப் பாரு. நூறு வருசம் தாங்கும்."

"நாளப்பின்ன யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவ?"

"யேசு பொறந்தப்பம் ஞானியர் எதுல வந்தாவ? ஒட்டகத்துல தான?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆனால் அந்தப் பொய் அதோடு நிற்கவில்லை. பைபிளுக்கென்று கொண்டாடுகிற வேத ஞாயிறு அன்று கோயில் முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தகத்தை வைத்து, பக்கத்தில் பரிபூரணத்தை நிறுத்தினார்கள். அதுவரை அவள் கடைசி வரிசையில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவாள். ‘லைப்ரரி கூட்டுதவ’ என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு ‘பரிபூரணத்தம்மா’ ஆனாள். முன்வரிசையில் பாஸ்டர் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்தார்கள். முதலில் கூசிக் கூசி உட்கார்ந்தவள் பிறகு அந்த இடத்தை விரும்ப ஆரம்பித்தாள். பியூலாவுக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனியாக இரண்டு சேலை எடுத்தாள்.

போன மாதம் படுக்கையில் கிடந்தபோது பியூலாவைக் கிட்டத்தில் கூப்பிட்டாள். கட்டிலுக்கு நேர் எதிரே அலமாரி.

"ஏட்டி, நான் போன பொறவு ஜோயல் எதையாச்சும் இழுத்துப் போட்டுச் செய்வான். அந்த அரபிப் புஸ்தகத்த எங்கூடப் பெட்டிக்குள்ள வச்சிருவான். விட்றாத."

"என்னம்மா பேச்சு இது."

"கரையானுக்குக் குடுக்கதுக்கா நான் ஒரு பஸ்ஸ முக்கா மணி நேரம் நிப்பாட்டி வச்சேன்? படிக்கத் தெரிஞ்சவுக கையில குடு."

"சரிம்மா."

"விசயத்தையும் சொல்லிராத. போன பொறவு சிரிப்பாச் சிரிச்சிருவாவ."

அதற்கும் சரி என்றாள். இரண்டுக்கும் சேர்த்துச் சரி சொல்வது அப்போது பெரிய காரியமாகத் தெரியவில்லை. அது வேதம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜோயலே புத்தகத்தைப் பிடுங்கித் தூரப் போட்டுவிடுவான். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியாது.

பியூலா வாசலுக்குப் போனாள். ஜோயல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"ஏலே ஜோயல், அந்தப் புஸ்தகத்த எடுத்து வச்சிருவோம்டா. வீட்டுல இருக்கட்டும்."

"எந்தப் புஸ்தகத்த?"

"அம்மா கையில இருக்கத."

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். "ஏன்க்கா?"

"மண்ணுக்குள்ள போட்டாக் கரையான் அரிச்சிரும்லா. அம்மாவுக்குக் கரையான்னா ஆகாது, உனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லித்தான பெட்டி செஞ்சிருக்கு? தேக்குன்னு சொன்ன. தேக்குல கரையான் ஏறுமா?"

"ஒரு நாள் ஏறும்."

"அக்கா." அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான். கண் சிவந்திருந்தது. "நான் சம்பாதிச்சு அம்மாவுக்குன்னு ஒண்ணும் செய்யல. சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போனேன், ஒரு மாசத்துல ஊரு ஊருன்னு திரும்பிருச்சு. அதா ஆசப்பட்டு வாங்குன வேதம் இந்த ஒண்ணுதான். புஸ்தகம் அது கையிலயே போகட்டும். நீ இதுல தலையிடாத."

அதற்குள் யாரோ மாலையோடு வந்துவிட்டார்கள். அவன் அவர்களைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போனான்.

பியூலா உள்ளே போனாள், வெளியே வந்தாள். தண்ணீர்க் கேன் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தாள். தீரவில்லை. பெட்டிக்குள் விரிக்க வாங்கிய வெள்ளைத் துணியை மடித்து வைத்துவிட்டு, மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். குழி வெட்டுகிற இடத்திலிருந்து அவள் கணவன் சோலைராஜ் போனில் கூப்பிட்டு, பாறை தட்டுகிறது, கொஞ்சம் தாமதமாகும் என்றான். அந்தத் தாமதம் தனக்காகக் கொடுக்கப்பட்டது போல ஒரு கணம் தோன்றியது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

பாஸ்டர் வந்தார். சபைக்குப் புதிதாக வந்த இளைஞர். பரிபூரணத்தின் தலைமாட்டில் நின்று ஜெபித்தார். ஜெபத்திலும் அந்தப் புத்தகம் வந்தது. வாசிக்கத் தெரியாத பாஷையிலும் ஆண்டவரின் வார்த்தையைத் தேடிப்போன தாயார் என்றார். பியூலா கண்ணைத் திறந்துகொண்டே தலைகுனிந்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தாடையை இழுத்துக் கட்டியிருந்த துணியால் வாயோரம் லேசாக இழுபட்டு, அடக்கிக்கொண்டு சிரிப்பது மாதிரி இருந்தது.

மத்தியானத் தொழுகை முடிந்து மைதீன் பிச்சை வந்தார். தெருவின் கடைசியில் டயர் கடை வைத்திருப்பவர். அதற்கு முன் பல வருஷம் சவுதியில் தண்ணீர் லாரி ஓட்டியவர். தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்து மாலையைக் காலடியில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். அவர் பார்வை அம்மாவின் முகத்திலிருந்து இறங்கிப் புத்தகத்தின் மேல் வந்தது. தங்க எழுத்துகள். அவர் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. புருவம் ஏறியது. மறுபடியும் உதடு அசைந்தது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பியூலா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை.

"அண்ணே," என்றான் ஜோயல். "நீங்க அரபி நல்லா வாசிப்பியல்லா?"

"வாசிப்பேன்."

"அர்த்தமும் தெரியும்லா?"

"ஓரளவுக்குத் தெரியும் தம்பி."

"ஒரு வசனம் வாசிங்க அண்ணே. இத்தன வருசமா வச்சிருந்துச்சு, ஒருத்தரும் ஒரு வரி வாசிச்சுக் காட்டல. கேட்டுட்டுப் போகட்டும்."

"நல்ல யோசனை" என்றாள் வேலுத்தாய். "வாசிங்க பாய்."

"வேண்டாம், அவுகளக் கஷ்டப்படுத்தாத" என்று பியூலா எழுந்தாள். யாரும் கேட்கவில்லை. ஜோயல் குனிந்து புத்தகத்தை மேலே இழுத்தான். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அத்தனை சுலபம். அதை இரண்டு கையாலும் மைதீன் பிச்சையிடம் நீட்டினான்.

அவர் வாங்கத் தயங்கினார். வெளியே போய்த் தொட்டியில் கை கழுவிவிட்டு வந்து வாங்கினார். நடுவில் திறந்தார். படத்தாள் வந்திருக்க வேண்டும். சட்டென்று புத்தகத்தைத் தன் மார்புப் பக்கம் சாய்த்துக்கொண்டு நாலைந்து தாள் தள்ளினார். செத்த வீட்டில் சத்தம் எல்லாம் அடங்கியது. அடுப்படிப் பெண்களும் நிலைவாசலுக்கு வந்துவிட்டார்கள்.

வாசித்தார். அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி. நல்ல கனமான குரல். வாசித்து முடித்ததும் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அர்த்தம் என்னண்ணே?"

மைதீன் பிச்சை தாளைப் பார்த்தார். படுத்திருந்தவளைப் பார்த்தார்.

"நெடுந்தூரம் நடந்து வந்தத ஒடனே படுக்க விடாத. மெல்ல நடத்திக் கொண்டாந்து நிழல்ல நிப்பாட்டு. மொதல்ல சுமைய இறக்கு. பொறவு தண்ணி காட்டு." கொஞ்சம் நிறுத்தினார். "குடிக்கையில வெரட்டாத. இப்படிப் போட்டிருக்கு."

"ஆமென்" என்றாள் வேலுத்தாய். கூட்டம் முழுக்க ஆமென் சொன்னது. ஜோயல் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

"இது எந்த அதிகாரம், பாய்?" என்று கேட்டார் பாஸ்டர்.

"அதிகாரம்னு ஒண்ணும் போடல ஐயா. பக்கம்தான் இருக்கு."

பாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மைதீன் பிச்சை தாளின் மேல் விரலை வைத்தபடி நின்றார். பாஸ்டர் தன் கையிலிருந்த வேதப் புத்தகத்தைத் திறந்து ஏதோ தேடுகிறவர் மாதிரிக் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு மூடிக்கொண்டார்.

பியூலா கையை நீட்டினாள். "எங்கிட்டத் தாங்க அண்ணே." அவரும் அவள் பக்கம்தான் திரும்பினார். ஆனால் இடையில் ஜோயல் வாங்கிக்கொண்டான். குனிந்து அம்மாவின் கைகளுக்கு நடுவே நுழைத்தான். விரல்கள் அந்தக் கனத்துக்கு இடம் விட்டு அப்படியே நின்றிருந்தன. அலமாரியில் உருவிய இடத்திலேயே திரும்பச் செருகுகிற மாதிரி, புத்தகம் போய் உட்கார்ந்துகொண்டது.

இனி அதை எடுப்பது முன்னைவிடக் கஷ்டம் என்று பியூலாவுக்குப் புரிந்தது. இப்போது அது வாசிக்கப்பட்டுவிட்ட வேதம். பெண்கள் வந்து வந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

குழி தயாராகிவிட்டதென்று சோலைராஜ் கூப்பிட்டான். கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. பெட்டியைக் கொண்டு வந்து வைத்து அம்மாவைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். பாட்டு ஒன்று பாடினார்கள். ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தமிட்டார்கள். ஜோயல் நெடுநேரம் குனிந்திருந்தான். அவனைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"எல்லாரும் பாத்தாச்சா? மூடலாமா?" என்று மூடியைப் பிடித்திருந்தவர் கேட்டார்.

"பொறுங்க" என்றாள் பியூலா.

அவள் குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டாள். நிமிரும்போது புத்தகத்தை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏக்கா" என்றான் ஜோயல்.

"பெட்டிக்குள்ள புஸ்தகம் வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு. எங்கிட்டச் சொல்லிச்சு. நான் சரின்னு சொல்லிருக்கேன்."

"இப்பம் எதுக்கு இந்தப் பேச்சு? குடுக்கா."

"குடுக்க மாட்டேன்."

வேலுத்தாய் முன்னால் வந்தாள். "கிறுக்குப் பிடிச்சிருச்சாட்டி? இது என்ன லைப்ரரிப் புஸ்தகமா? வேதம்லா."

"கரையானுக்கு அது தெரியாது அத்த."

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கிளம்பி உடனே அடங்கியது. நூலகத்தில் அம்மாவோடு வேலை பார்த்த ஐயாதுரையாக இருக்கும். ஜோயல் பாஸ்டரைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க ஐயா."

பியூலா புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பாஸ்டர் அவளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், வாசலில் கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த மைதீன் பிச்சையைப் பார்த்தார்.

"மூடுங்க" என்றார்.

"வெறுங்கையோடயா அனுப்ப?" என்று வேலுத்தாய் அழுதாள். இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து, மடித்து, அண்ணியின் விரல்களுக்கு நடுவே வைத்தாள். அது நிற்கவில்லை, நழுவி மார்பில் விழுந்தது. விரல்கள் சேராமல், புத்தகம் இருந்த அளவுக்கு இடைவெளி விட்டு, வளைந்தபடியே இருந்தன. அதன் மேல் மூடி வந்து உட்கார்ந்தது. மரையாணிகளைத் திருகினார்கள்.

அடக்கம் முடிந்து மண் தள்ளி எல்லோரும் கலைந்து வெளியே வரும்போது பாஸ்டர் அவள் பக்கத்தில் நடந்தார்.

"அக்கா, இந்த வேத ஞாயிறுக்குக் கண்ணாடிப் பெட்டி வேண்டாம்னு நினைக்கேன். இடத்த அடைக்குது."

"சரி ஐயா."

அவர் வேகமாக முன்னால் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே வேப்பமர நிழலில் மைதீன் பிச்சை தன் டி.வி.எஸ். வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். பியூலா ரோட்டைத் தாண்டி அவரிடம் போனாள்.

"அம்மாவுக்கு என்ன புஸ்தகம்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"படத்தப் பாத்துட்டுத்தான் வாங்குச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. சிரித்து முடித்ததும் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"நல்ல புஸ்தகம் பியூலா. நான் தண்ணி கொண்டு போன பண்ணையில எல்லாம் ஒட்டகம் உண்டு. இதுல போட்டிருக்க மாதிரிதான் பாத்துக்கிடுவாங்க."

"நீங்க சொன்னது அப்படியேவா இருந்துச்சு?"

"ஒரு வார்த்த கூட்டல. தண்ணிக்குப் பொறவு உப்பும் பார்லியும் வைக்கச் சொல்லிருந்துச்சு. அத மட்டும் விட்டுட்டேன்."

அவள் புத்தகத்தை நீட்டினாள். "படிக்கத் தெரிஞ்சவுக கையில குடுக்கச் சொல்லிச்சு. வச்சுக்கோங்க."

அவர் வாங்கிக்கொண்டார். வாங்கியதும் கையில் ஏந்தி ஒருதரம் தூக்கிப் பார்த்தார். அம்மா தூக்கிப் பார்க்கிற மாதிரியே இருந்தது. துண்டை உதறி அதில் சுற்றினார்.

"எப்பம் திருப்பித் தரணும்?"

"படிச்சுட்டுத் தாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோயல் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. வேலுத்தாய் முன்னறையைக் கழுவி விட்டிருந்தாள். கட்டிலை எடுத்து வெளியே போட்டதில் அறை பெரிதாகிவிட்டது. அலமாரி மட்டும் எதிர்ச்சுவரில் நின்றது. அம்மா இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தாள், முன்பக்கத்தை மட்டும்.

"உக்காரு ஏட்டி. காலையில இருந்து சுத்திட்டே இருக்க" என்றாள் வேலுத்தாய்.

பியூலா உட்காரவில்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டாள். மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டு வந்தாள். இடுப்பு உயரத்தில் விரல் நுனியில் சொரசொரப்பாக ஒரு கோடு தட்டியது. பொடிப் பொடியாக உதிர்ந்தது. கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். செம்மண். மோந்து பார்த்தாள், ஈரம் இருந்தது.

கதவைத் திறந்தாள். அம்மாவின் பழைய துடைக்கிற துணி கீழ்த்தட்டில் மடித்தபடி இருந்தது. மேல்தட்டில் அரபிப் புத்தகம் இருந்த இடம் காலி. அதற்குக் கீழே மற்ற இரண்டும் நேராக நின்றன. அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. கொழும்பில் வாங்கியதை உருவித் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது. தரையில் வைத்தாள்.

"அக்கா, டீ ஆறுது" என்று வாசலிலிருந்து ஜோயல் கூப்பிட்டான். பெட்டியை மூடிய பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"வாரேன்."

சிங்கப்பூர்ப் புத்தகத்தின் மேல் கையை வைத்தாள். தூக்கவில்லை. கையை அதன் மேல் வைத்தபடியே நின்றாள்.